ஹோம் மாஸ்: இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஓர் ஏற்றம்

இங்கிலாந்தின் வடபாதியைக் கிழக்கு, மேற்கு என நெடுகப் பிரிப்பது பென்னைன் மலைத்தொடர். அதன் தென்பகுதியில், ஹட்டர்ஸ்ஃபீல்டு நகருக்குத் தென்மேற்கே, யார்க்ஷயரும் டார்பிஷயரும் சந்திக்கும் எல்லையில் உள்ள மரமற்ற மேட்டுவெளிதான் ஹோம் மாஸ். வடபுறம் ஹோம் ஆற்றின் பள்ளத்தாக்கு, தென்புறம் லாங்டெண்டேல் பள்ளத்தாக்கு. இரண்டையும் இணைக்கும் ஏ6024 சாலை இந்த மேட்டைக் கடல் மட்டத்திலிருந்து 524 மீட்டர் உயரத்தில் தாண்டுகிறது. உச்சியில் ஊர் இல்லை, வீடு இல்லை. ஓர் ஒலிபரப்புக் கம்பமும் வண்டி நிறுத்த ஒரு சிறு திடலும் மட்டுமே உள்ளன. பிரிட்டனில் சைக்கிள் ஓட்டுபவர்கள் தங்கள் காலின் வலுவைச் சோதித்துப் பார்க்கத் தேடி வரும் ஏற்றங்களில் இது முக்கியமான ஒன்று.

முதல் பார்வைக்கு மனிதக் கை படாத வெளியாகவே இது தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பக் கூடாது. மேட்டின் மண், செடி, நீர், சாலை எல்லாவற்றிலும் இருபுறத்து ஆலை நகரங்களின் தேவைகள் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. உப்பும் தண்ணீரும் இந்த மேட்டின் வழியாக நகரங்களுக்குப் போயின. நகரங்களின் புகை இங்கே வந்து படிந்தது. அதற்குப் பின்னால் ஓய்வு தேடி மக்கள் வந்தார்கள்.

மேட்டின் அடிப்பாறை கரடுமுரடான மணற்கல். அதன் மேல் பல இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்கும் கூடுதலாகப் பீட் படிந்திருக்கிறது. பீட் என்பது முழுமையாக மட்காத செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாகும் கரிய மண். மழை அதிகமாகவும் வெயில் குறைவாகவும் உள்ள இடத்தில், நீர் தேங்கிய தரையில் ஸ்பாக்னம் என்னும் பாசி வளர்கிறது. நீரில் மூழ்கி இறந்த பாசிக்குக் காற்றுப் படாததால் அது மட்குவதில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், பல ஆயிரம் ஆண்டுகளாக இப்படி ஏறிய மண் இது. பென்னைன் மேடுகளில் பீட் அரித்துப்போன இடங்களில் அடியிலிருந்து மரக்கட்டைகளும், இடைக்கற்கால வேட்டைக்காரர்கள் செதுக்கிய சிறு கல் ஆயுதங்களும் கிடைத்துள்ளன. ஒரு காலத்தில் இந்த மேடுகளில் மரங்கள் இருந்தன. ஈரம் கூடிய தட்பவெப்பமும், மரங்களை எரித்தும் வெட்டியும் அழித்த மனிதர்களும் சேர்ந்து அவற்றை இன்றைய வெளியாக மாற்றியதாகத் தொல்தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள்.

இடைக்காலத்தில் இந்தப் பகுதியைக் கடந்த முக்கியச் சரக்கு உப்பு. மேற்கே செஷயர் சமவெளியின் உவர்நீர் ஊற்றுகளிலிருந்து காய்ச்சி எடுத்த உப்பு, பொதிக்குதிரைகளின் முதுகில் லாங்டெண்டேல் வழியாக மேலேறி யார்க்ஷயர் சந்தைகளுக்குப் போனது. அந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பில் ஓடும் ஓடைக்கு சால்டர்ஸ் புரூக் என்ற பெயர் வந்தது உப்பு வணிகர்களால்தான். சக்கரம் வைத்த வண்டி இந்தச் சேற்றில் புதைந்துவிடும். குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் அகலத்துக்குக் கற்பலகை பதித்த ஒற்றையடிப் பாதைகளே போதுமானவையாக இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சுங்கச்சாவடி வைத்து வரி வசூலித்த சாலைகள் பென்னைன் எங்கும் போடப்பட்டபோதுதான் வண்டிகள் மேட்டின் மேல் ஏறின.

அந்த வண்டிகளுக்கு வேலை கொடுத்தது கம்பளி. ஹோம் பள்ளத்தாக்கின் மேற்புறக் கிராமங்களில் இன்றும் நிற்கும் பழைய கல்வீடுகளின் மாடியில் வரிசையாகச் சன்னல்கள் இருப்பதைக் காணலாம். தறியின் மேல் பகல் வெளிச்சம் முழுவதும் விழ வேண்டும் என்பதற்காக நெசவாளர்கள் வைத்தவை அவை. இந்த மண்ணில் பயிர் சரியாக விளையாது. ஆடு மேய்ப்பும் கைத்தறியும் சேர்ந்தே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றின. பிறகு நூற்பும் நெசவும் ஆற்றங்கரை ஆலைகளுக்கு இறங்கின. பள்ளத்தாக்கில் உள்ள ஹோம்ஃபர்த் ஆலை ஊரானது. ஹட்டர்ஸ்ஃபீல்டு உயர்தரக் கம்பளித் துணிக்கு உலகெங்கும் பெயர் வாங்கியது.

மேட்டின் உச்சியைத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தியவர்களில் நில அளவையாளர்களும் உண்டு. சாலைக்கு மேற்கே சிறிது தொலைவில் 582 மீட்டர் உயரமுள்ள பிளாக் ஹில் நிற்கிறது. அதன் உச்சி மண்மேட்டுக்கு ‘சோல்ஜர்ஸ் லம்ப்’ என்று பெயர். பிரிட்டனின் முக்கோண அளவீட்டுக்காக ராணுவப் பொறியாளர்கள் இங்கே கருவி வல்லுநர் ராம்ஸ்டன் செய்த மாபெரும் தியோடலைட் என்னும் கோணமானியை நிறுத்தினார்கள். மூன்றடி விட்டமுள்ள அந்தக் கருவியைத் தாங்கிய மரச்சட்டத்தின் எச்சங்கள் 1841இல் அதே மேட்டில் கிடைத்தன. ஏறத்தாழ இதே அளவுள்ள மற்றொரு தியோடலைட்டைக் கொண்டுதான் வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னையில் இந்திய முக்கோண அளவீட்டைத் தொடங்கினார். பென்னைன் மேட்டில் பழகிய முறைதான் பின்னர் தமிழகச் சமவெளிகளையும் கோயில் கோபுரங்களையும் கோணம் பார்த்து அளந்தது.

ஆலைகள் பெருகியபோது தண்ணீர் போதவில்லை. கோடையில் ஓடை வற்றினால் ஆலைச் சக்கரம் நின்றுவிடும். ஆகவே ஹோம் பள்ளத்தாக்கின் ஆலை முதலாளிகள் 1837இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக ஒரு நீர்த்தேக்க ஆணையத்தை அமைத்துக்கொண்டார்கள். அந்த ஆணையம் கட்டியவற்றில் ஒன்று, ஹோம் கிராமத்துக்கு அடுத்த கிளைப் பள்ளத்தாக்கில் இருந்த பில்பெரி நீர்த்தேக்கம். அதன் மண் அணையின் அடித்தளத்தில் ஓர் ஊற்று இருந்தது. அதைச் சரியாக அடைக்காமலேயே கரையை எழுப்பினார்கள். நாளடைவில் ஊற்று கரைக்குள் இருந்த களிமண் சுவரை உள்ளிருந்து கரைத்தது. கரையின் நடுப்பகுதி தாழ்ந்தது, தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில் மிகைநீரை வெளியேற்ற வேண்டிய கலிங்கின் வாயைவிடக் கரை தாழ்வாகிவிட்டது. ஏரிப் பாசனம் அறிந்த எவருக்கும் இதன் பொருள் உடனே புரியும்: வெள்ளம் வந்தால் நீர் கலிங்கு வழியே போகாது, கரையின் மேலேறித்தான் போகும். இந்தக் குறை பல ஆண்டுகளாக எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருந்தது. கலிங்கின் உயரத்தைக் குறைப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் அல்ல. அப்படியும் அது செய்யப்படவில்லை.

பல நாள் மழைக்குப் பின், 1852 பிப்ரவரி 5ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் நீர் கரையைத் தாண்டியது. சிறிது நேரத்தில் கரை உடைந்தது. ஆலைகள், சாயப்பட்டறைகள், பாலங்கள், வீடுகளை அடித்துக்கொண்டு வெள்ளம் ஹோம்ஃபர்த்தின் நடுவே பாய்ந்தது. 81 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் அவர்களில் பலர். விசாரணையில் ராணுவப் பொறியாளர் மூடி அணையின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஆணையர்களின் பெருங்கவனக்குறைவே காரணம் என்று ஜூரி தீர்மானித்தது. ஆனால் நீர்த்தேக்கம் ஒரு கூட்டமைப்பின் பெயரில் இருந்ததால், எந்தத் தனிமனிதர் மீதும் உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றம் சாட்ட முடியவில்லை. ஹோம் மாஸ் சாலையில் ஏறுபவர்களின் பக்கவாட்டில் விரியும் அமைதியான நீர்ப்பரப்புகளுக்குப் பின்னால் இந்த இரவும் இருக்கிறது. இந்த மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் இதைவிடக் கனமான செய்தி வேறு இல்லை.

மேட்டின் மறுபுறம் அதே ஆண்டுகளில் மான்செஸ்டர் நகரம் லாங்டெண்டேலை முழுவதுமாகத் தன் குடிநீருக்கு எடுத்துக்கொண்டது. பொறியாளர் ஜான் ஃபிரெட்ரிக் பேட்மன் 1848இல் தொடங்கிய வேலை, பள்ளத்தாக்கின் நெடுகிலும் வுட்ஹெட், டார்சைட், ரோட்ஸ்வுட், வேல்ஹவுஸ், பாட்டம்ஸ் எனப் படிப்படியாக இறங்கும் நீர்த்தேக்கங்களாக உருவானது. நிலம் உறுதியாக இல்லாததால் வுட்ஹெட் அணை மட்டும் முழுமை பெற 1877 வரை ஆனது. அதே பள்ளத்தாக்கின் தலைப்பில் மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் இணைக்கும் ரயில் பாதைக்காக மலையைத் துளைத்தார்கள். மூன்று மைலுக்குச் சற்று அதிகமான முதல் வுட்ஹெட் சுரங்கம் 1845இல் திறக்கப்பட்டது. மேட்டின் மேலேயே கற்குடிசைகளில் தங்கி வேலை செய்த கூலித் தொழிலாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் அதில் உயிரிழந்தார்கள். 1849இல், இரண்டாவது சுரங்க வேலையின்போது காலரா பரவி மேலும் பலர் இறந்தார்கள். அதற்கு முன்பே, சமூகச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் முதல் சுரங்கத் தொழிலாளர்களின் நிலையை நாடாளுமன்றத்தின் முன் கொண்டுபோனார். 1846இல் ஒரு தேர்வுக்குழு விசாரித்தது. ஆனால் அதன் பரிந்துரைகள் சட்டமாகவில்லை. ரயில் 1981இல் நின்றது. அந்தப் பாதை இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் செல்லும் லாங்டெண்டேல் தடம்.

ஆலைகளின் புகை மேட்டுக்கு வேறு விதமாக வந்து சேர்ந்தது. மான்செஸ்டரும் அதைச் சுற்றிய பருத்தி ஊர்களும் நூற்றைம்பது ஆண்டுகள் எரித்த நிலக்கரியின் கந்தகப் புகையை மேல்காற்று நேராக இங்கே கொண்டுவந்து போட்டது. ஸ்பாக்னம் பாசி கந்தக டை ஆக்சைடைத் தாங்காது. பாசி செத்தது. அதனுடன் அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சலும் கோடைத் தீயும் சேர்ந்தன. மூடுசெடி இல்லாத பீட் மழையில் கரைந்து, காற்றில் பறந்து, ஆழமான கரிய ஓடைகளாக வெட்டுப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிளாக் ஹில்லின் உச்சி ஒரு புல்கூட இல்லாத கருஞ்சேறாகக் கிடந்தது. மலைநடை வழிகாட்டி நூல்களால் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் வெயின்ரைட் அந்தச் சேற்றில் அசையவே முடியாமல் மாட்டிக்கொண்டார். அவரைப் பிறர் வந்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

இந்த மேட்டில் நடப்பதற்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. பொதுமேய்ச்சல் நிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாகிவிட்டன. கிரவுஸ் பறவை வேட்டைக்காகக் காவலாட்கள் வழிமறித்தார்கள். வாரம் முழுவதும் ஆலையில் நின்ற தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமைக் காற்று இந்த மேடுகளில்தான் இருந்தது. 1932 ஏப்ரல் 24இல், ஹோம் மாஸுக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள கிண்டர் ஸ்கவுட்டில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்தக் கிளர்ச்சியும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த நீண்ட முயற்சிகளும் சேர்ந்து தேசியப் பூங்காக்களுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி செய்தன. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. டாம் ஸ்டீபன்சன் 1935இல் முன்மொழிந்த பென்னைன் வே நடைபாதை 1965இல் திறக்கப்பட்டது. அது பிளாக் ஹில் வழியாகச் செல்கிறது. பின்னாளில் அதன் சேறான பகுதிகளில் பதித்த கற்பலகைகள் பல, இடிக்கப்பட்ட கம்பளி, பருத்தி ஆலைகளின் தளத்திலிருந்து எடுத்தவை. ஆலைப் புகையால் அழிந்த மண்ணை அந்த ஆலைகளின் கற்களே இன்று காலடியிலிருந்து காக்கின்றன.

தேசியப் பூங்கா அமைந்த அதே 1951இன் அக்டோபர் 12ஆம் தேதி, சாலையின் உச்சியில் பி.பி.சி.யின் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. லண்டனின் அலெக்ஸாண்ட்ரா பேலஸ், பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு ஆகியவற்றுக்கு அடுத்து, நாட்டின் மூன்றாவது நிலையம் இது. 229 மீட்டர் உயரக் கம்பம் 524 மீட்டர் உயர மேட்டில் நின்றதால், மான்செஸ்டர், லீட்ஸ், லிவர்பூல், ஷெஃபீல்டு எனப் பென்னைனின் இருபுறத்து நகரங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து படம் போய்ச் சேர்ந்தது. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை வட இங்கிலாந்து வீடுகள் நேரலையாகப் பார்த்தது இதன் பலன். 1956இல் பண்பலை வானொலியும் சேர்ந்தது. அறுபதுகளில் புதிய அலைவரிசைத் தொலைக்காட்சி எம்லி மூர், விண்டர் ஹில் நிலையங்களுக்குப் போய்விட்டது. பழைய 405 வரி ஒளிபரப்பு 1985இல் நின்றது. இப்போது இங்கிருந்து வருவது வானொலி மட்டும். கம்பி இழுத்துக் கட்டிய மெலிந்த கம்பங்களுக்கு இந்த உயரத்தில் பனியும் காற்றும் எவ்வளவு பெரிய எதிரி என்பதை எம்லி மூர் காட்டியது. 1969 மார்ச்சில் அங்கிருந்த 385 மீட்டர் எஃகுக் கம்பம் பனி உறைந்த நிலையில் காற்றில் ஆடிச் சரிந்தது. ஹோம் மாஸ் கம்பம் அத்தகைய பேரழிவு இல்லாமல் நின்றது. எண்பதுகளில் பழையதன் பக்கத்தில் புதியதை எழுப்பி மாற்றினார்கள்.

சைக்கிள் இந்த மேட்டுக்கு வந்ததும் ஆலை நகரங்களின் கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் காற்றடைத்த டயரும் விலை குறைந்த சைக்கிளும் தொழிலாளர் கைக்கு எட்டின. மான்செஸ்டரில் ராபர்ட் பிளாட்ச்ஃபோர்ட் 1891இல் தொடங்கிய கிளாரியன் என்ற சோஷலிச வார இதழின் வாசகர்கள் 1894 முதல் சைக்கிள் சங்கங்கள் அமைத்து, ஞாயிறுகளில் மலைப்பக்கம் கூட்டமாகக் கிளம்பினார்கள். பிரிட்டனில் ஏற்றப் போட்டிக்குத் தனி மதிப்பு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதைத் தேசிய சைக்கிள் சங்கமே பல பத்தாண்டுகள் தடை செய்திருந்தது. தனித்தனியாகக் கடிகாரத்துக்கு எதிராக ஓட்டுவது, குறுகிய செங்குத்துச் சாலையில் ஒருவர்பின் ஒருவராக ஏறுவது ஆகிய இரண்டுக்கு மட்டுமே வளர இடம் இருந்தது. பெர்சி ஸ்டாலார்ட் 1942இல் லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்டன் வரை பந்தயம் நடத்தித் தடையை உடைத்தார். அதன் பிறகும் இலையுதிர் காலத்து ஏற்றப் போட்டி வடநாட்டுச் சங்கங்களின் பழக்கத்தை விட்டுப் போகவில்லை.

ஹட்டர்ஸ்ஃபீல்டு ரோடு கிளப்பின் உறுப்பினராக இருந்த பிரையன் ராபின்சன் 1955இல் டூர் தே பிரான்ஸை ஓட்டி முடித்த முதல் பிரிட்டானியர்களில் ஒருவர். 1958இல் அந்தப் பந்தயத்தில் ஒரு நாள் கட்டத்தை வென்ற முதல் பிரிட்டானியரும் அவரே. தட்டையான தரை அரிதாகவே உள்ள இந்தப் பகுதியில் வார இறுதி ஓட்டமே மலைப்பயிற்சியாகிவிடும். 1992 முதல் 1996 வரை லீட்ஸை மையமாக வைத்து நடந்த உலகக் கோப்பை ஒருநாள் பந்தயத்தின் பாதையில் ஹோம் மாஸ் இடம்பெற்றது. 1995இல் அதை வென்ற மாக்ஸ் சியாண்ட்ரி டார்பியில் பிறந்தவர்.

ஏற்றத்தின் கணக்கு இதுதான். ஹோம்பிரிட்ஜ் ஊரிலிருந்து உச்சி வரை 4.7 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7 சதவீதம், ஏறும் உயரம் ஏறத்தாழ 330 மீட்டர். ஆல்ப்ஸ் மலைச் சாலைகளோடு ஒப்பிட்டால் நீளம் மிகக் குறைவு. ஆனால் ஆல்ப்ஸ் சாலைகள் சீரான சரிவில் வளைந்து ஏறும். இங்கோ ஏற்றம் இரண்டாக உடைகிறது. ஹோம் கிராமம் வரை கற்சுவர்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே முதல் பகுதி. கிராமத்தைத் தாண்டியதும் சாலை சிறிது மூச்சு விட இடம் தருகிறது, பிறகு திறந்த மேட்டில் மீண்டும் நிமிர்கிறது. கம்பம் தொடக்கத்திலிருந்தே கண்ணில் தெரியும். எவ்வளவு மிதித்தாலும் அது நெருங்காததுபோலத் தோன்றுவதுதான் இந்த ஏற்றத்தின் மிகப் பெரிய சோதனை என்று சொல்லலாம். கடைசி வளைவுகளில் மறைப்பு எதுவும் இல்லை. மேற்கிலிருந்து காற்று வீசினால் 7 சதவீதச் சரிவு இரண்டு மடங்காக உணரப்படும்.

2014 ஜூலை 6ஆம் தேதி டூர் தே பிரான்ஸ் இந்தச் சாலையில் வந்தது. யார்க்கிலிருந்து ஷெஃபீல்டு வரை 201 கிலோமீட்டர் நீண்ட இரண்டாம் நாள் கட்டத்தில் தரவரிசைப்படுத்தப்பட்ட ஏற்றங்கள் ஒன்பது. அவற்றில் ஹோம் மாஸ் மட்டுமே இரண்டாம் வகை, மற்ற எல்லாம் அதைவிட எளியவை என்று வகுக்கப்பட்டிருந்தன. மேட்டின் சரிவுகளில் விடிவதற்கு முன்பே மக்கள் நடந்தும் சைக்கிளிலும் வந்து இடம்பிடித்தார்கள். இறுதிப் பகுதியில் பார்வையாளர்கள் சாலைக்குள்ளேயே நெருங்கி நின்றதால், வீரர்கள் ஒரு மனிதச் சந்து வழியாக மேலேறினார்கள். வீரர்களின் கூட்டம் உச்சியைத் தாண்டி வுட்ஹெட் பக்கம் இறங்கி ஷெஃபீல்டை அடைந்தது. கட்டத்தையும், முன்னணி வீரருக்குரிய மஞ்சள் சட்டையையும் வென்றவர் இத்தாலியரான வின்சென்சோ நிபாலி. மூன்று வாரம் கழித்துப் பாரிஸில் ஒட்டுமொத்தப் பந்தயத்தையும் அவரே வென்றார். போட்டி நடத்திய நாடுகளில் மலைகள் எத்தனையோ இருக்க, ஓர் ஆலைப் பள்ளத்தாக்கின் சாலை அன்று உலகத் தொலைக்காட்சிகளில் தெரிந்தது நியாயமான பெருமைதான்.

பந்தயத்தைக் காட்டிய ஹெலிகாப்டர் படங்களில் மேடு பெரும்பாலும் பச்சையாகத் தெரிந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பானால் அப்படித் தெரிந்திருக்காது. 2003இல் தொடங்கிய ‘மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர்’ கூட்டுத்திட்டம் பிளாக் ஹில் உள்ளிட்ட வெற்று மேடுகளில் ஹெலிகாப்டர் மூலம் சுண்ணாம்பும் உரமும் புல்விதையும் தூவியது. வெட்டிய ஹெதர் செடிகளைப் பரப்பி மண்ணை மூடியது. அரித்த ஓடைகளில் கல்லாலும் மரத்தாலும் சிறு தடுப்புகள் கட்டி நீரைத் தேக்கியது. தரை பிடித்ததும் பஞ்சுப்புல்லும், ஆய்வுக்கூடத்தில் பெருக்கிய ஸ்பாக்னம் பாசியும் நடப்பட்டன. பாசி திரும்பினால் மழைநீர் மெதுவாக இறங்கும், கீழே வெள்ள அபாயம் குறையும், குடிநீர் நிறம் தெளியும், மண்ணுக்குள் சேர்ந்த கரி காற்றில் கலக்காமல் அங்கேயே தங்கும். நூற்றைம்பது ஆண்டுப் பாழை இருபது ஆண்டில் முழுமையாக மீட்க முடியாது. ஆனாலும் சேறாகக் கிடந்த உச்சி மூடப்பட்டுவிட்டது.

இங்கே வருபவர்கள் பொதுவாக ஹட்டர்ஸ்ஃபீல்டிலிருந்து ஹோம்ஃபர்த் வந்து தொடங்குகிறார்கள். ‘லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 1973 முதல் 2010 வரை படமாக்கப்பட்ட ஊர் அது. அங்கிருந்து உச்சி சுமார் 8 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கு, உச்சித் திடலில் வண்டியை விட்டு மேட்டின் மேலாகவே பிளாக் ஹில் போய்த் திரும்புவது வசதி. மூடுபனி இறங்கினால் பாதை தெரியாது என்பதால் வரைபடமும் திசைகாட்டியும் தேவை. சைக்கிளில் மறுபுறம் இறங்குபவர்கள் வுட்ஹெட் நீர்த்தேக்கத்தின் அருகே ஏ628 சாலையில் சேர வேண்டும். கனரக லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது. ஆகவே பலர் அந்தச் சந்திப்பிலிருந்தே திரும்பி, தென்புறத்து ஏற்றத்தையும் ஏறி முடிக்கிறார்கள். தென்புறம் வீடுகளோ சுவர்களோ இல்லாத வெட்டவெளி, நீளமும் சற்றுக் குறைவு. மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். பனி பெய்யும் மாதங்களில் சாலை அடிக்கடி மூடப்படும். வறண்ட கோடை நாட்களில் மேட்டில் அடுப்பு மூட்டுவதும் சிகரெட் துண்டை வீசுவதும் கூடாது. 2018 ஜூனில் பக்கத்து சாடில்வொர்த் மேட்டில் மூண்ட தீ வாரக்கணக்கில் எரிந்தது, அதை அணைக்க ராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது.